தொழுவத்துக் கேமராவைக் கழற்றுவது பற்றி

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு,

நாரணாபுரத்திலிருந்து உன் அப்பா பெத்தணன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பாக்கியவதி டீச்சர் எழுதும் கடிதம். இங்கே நானும் இரண்டு வெள்ளாடுகளும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் மருமகள் அருணாதேவியும் சுகமாக இருக்கக் காளியம்மன் துணை. என் சுகத்தை நீ பதிலில் விசாரிக்க வேண்டியதில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். இந்த வீட்டில் உனக்குத் தெரியாமல் மிச்சம் இருப்பது என் மனசு ஒன்றுதான். அதற்கு நீ இன்னும் வயர் இழுக்காததால் கடுதாசி போடுகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போனை நான் நம்புவதாக இல்லை. டீக்கடையில் ஒருத்தனிடம் முழங்கால் வலிக்குது என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் டீச்சர் என் போனைத் திறந்தால் ஒரே முழங்கால் தைலமாக ஓடுகிறது. உன் அம்மாவிடம் ஆயுசு பூரா அதே வலியைச் சொன்னேன், அவள் காதில் ஏறியதே இல்லை. இது மடிக்குள் கிடந்தபடியே கேட்டுக்கொள்கிறது.

சித்திரையில் நான் வாசற்படியில் வழுக்கி விழுந்ததும் நீ ஆள் அனுப்பி மூன்று கேமரா மாட்டினாய். வாசலுக்கு ஒன்று, வீட்டுக்குள் ஒன்று, பின்னால் தொழுவத்துக்கு ஒன்று. தொழுவத்துக்கு எதுக்குப்பா என்று கேட்டேன். "ஆடு களவு போயிரும்ல" என்றாய். மகனே, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த காலம் முழுக்க தினமும் காலையில் கேட்டில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். பீடி இருக்கா, தீக்குச்சி இருக்கா என்று தடவிப் பார்ப்பார்கள். ஒரு நாளும் நான் கோவித்ததில்லை. உள்ளே கிடப்பது வெடிமருந்து, உசிரு சமாச்சாரம். ஆனால் வேலை முடிகிற சங்கு ஊதி வெளியே வந்துவிட்டால் என் மடி என் மடிதான். என் தொழுவத்தில் என்ன மருந்தா அரைக்கிறேன்? கிடப்பதெல்லாம் ஆட்டுப்புழுக்கை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஆண்டிச்சாமி.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பங்காளி வீட்டோடு நமக்குப் பேச்சு கிடையாது. காளியம்மன் கோயில் பொங்கலில் நம் வீட்டு ஆள் தலையில் முதலில் கட்ட வேண்டிய பரிவட்டத்தை, நான் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போன நேரம் பார்த்து அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு அவன் உடுத்தியிருந்தது பச்சைக் கரை வேட்டி, முட்டிக்கு மேலே மஞ்சள் கறை. பூசாரிக்கு வலது கண்ணில் கட்டி. தவில்காரருக்கு ஒரு செருப்புத்தான் இருந்தது, இன்னொன்றை நாய் தூக்கிப் போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் தலையில்தானே போட்டு வைக்க வேண்டும், அதனால் எதுவும் உதிரவில்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போவதில்லை, நம் வீட்டில் அவர்கள் கை நனைப்பதில்லை. இதெல்லாம் நிசம். அதே மாதிரி, அடுத்த ஐப்பசிக்குள் நானும் அவனும் பேசிவிட்டோம் என்பதும் நிசம். கம்மங்காட்டில் ரெண்டு பேரும் ஒரே வேப்பமரத்தடியில் மழைக்கு ஒதுங்கினோம். மழை விடவில்லை. ஒருத்தன் எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டே நிற்பான்?

ஆனால் அதற்குள் ரெண்டு வீடும் பகையில் நன்றாக ஊறிவிட்டது. உன் அம்மா பஞ்சம்மாளுக்கு அது வருசம் பூராவும் நடக்கிற திருவிழா. அதை ஏன் கெடுப்பானேன் என்று நாங்கள் வெளியே சொல்லவில்லை. அவன் பின்பக்கமாக வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு தொழுவத்துக்கு வருவான், பேசுவோம், போய்விடுவான். இருபது வருசமாக இதுதான். தெருவில் பார்த்தால் மட்டும் காறித் துப்ப வேண்டும், அது ஊருக்காக. மறுநாள் என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்பதையும் தொழுவத்தில் உட்கார்ந்து ரெண்டு பேரும் சேர்ந்தே யோசித்து வைத்துக்கொள்வோம்.

"ஏலே பெத்தணா, நாளைக்கு ரேசன் கடையில வச்சு என்னைய என்ன சொல்லப் போற?"

"நமத்துப்போன வெடின்னு சொல்லட்டா?"

"அதைத்தான் போன மாசமே சொல்லிட்டியேலே. அம்புட்டுச் சனம் நிக்கும், புதுசா ஏதாச்சும் சொல்லு."

இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த பகை. போன மாசம் ஒரு நாள் அவன் வந்து உட்கார்ந்து சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தான். கேமராவைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. அது ஆட்டை மட்டும் பார்க்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரெண்டு பேரும் பொட்டலத்துக்குள் கையை விட்டு ஒரு வாய் போடுவதற்குள் சுவரிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "மாமா! தொழுவத்துக்குள்ள யாரோ இருக்காக மாமா!" என்றது. எனக்குத் தெரியும், கேமரா வழியாகக் கோயம்புத்தூரிலிருந்து பேசுவது என் மருமகள் என்று. அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் என்னை மாமா என்று கூப்பிட்டு அவன் கேட்ட பொம்பளை உன் அம்மா ஒருத்திதான். அவள் போய்ச் சேர்ந்து மூன்று பொங்கல் ஆகிவிட்டது. பய அப்படியே சுவரைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். "மதினி! தாயி! நான் களவாங்க வரல மதினி! இவன்தான் கூப்புட்டான், இருபது வருசமா இவன்தான் கூப்புடுதான்!" என்று கும்பிடுகிறான். பேயிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கிற ஆள் அவன்.

அந்தப் படத்தை மருமகள் எடுத்து 'நம்ம சொந்தம்' குரூப்பில் போட்டாள். அவன் விழுந்ததை வெட்டிவிட்டு, ஒரே பொட்டலத்தில் நாங்கள் சேவு தின்றதை மட்டும் போட்டாள். அந்த மட்டுக்கும் அவள் மரியாதை தெரிந்த பிள்ளை. ஆண்டிச்சாமி பெரிய ரோசக்காரன், விழுந்து கும்பிட்டது வெளியே தெரிந்தால் தெருவில் தலைகாட்ட மாட்டான். அப்பா இப்படிச் செய்துவிட்டாரே என்று நீ கோவித்திருந்தால் சமாளித்திருப்பேன். நீ சந்தோசப்பட்டுவிட்டாய். அவன் மகனும் சந்தோசப்பட்டான். வெளிநாட்டிலிருக்கிறவனெல்லாம் கைகூப்பிப் படம் போட்டான். ஒரு கிடாயை வெட்டி, பரிவட்டத்தை ரெண்டாகக் கிழித்து எங்கள் தலையில் கட்டி, சமாதானத்தைப் பண்ணி முடித்துவிட்டீர்கள்.

இப்போது ஆண்டிச்சாமி முன்வாசல் வழியாக வருகிறான். சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். கூடவே அவன் மருமகள் பாண்டிமீனா தூக்குவாளியில் காப்பி கொண்டு வருகிறாள். வீட்டுக்குள் கேமராவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்காருகிறோம்.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு அண்ணாச்சி."

அதோடு சரி. பிறகு ரெண்டு பேரும் தலைக்கு மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்க்கிறோம். என்னைவிட ஆறு மாசம் சின்னவன், ஒரு நாளும் என்னை அண்ணாச்சி என்றவன் இல்லை. என்னை ஏலே போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருந்தவன் அவன் ஒருத்தன், அவனும் 'நீங்க' என்கிறான். கண்ணில் புரை விழுந்ததற்கு ஆபரேசன் என்கிறார்களே, பயமாக இருக்கு என்று நான் அவனிடம்தான் சொல்லுவேன். என் மகனைப் பற்றிய குறையையும் அவனிடம்தான் சொல்லுவேன், அது என்ன குறை என்பது உனக்கு வேண்டாம். போன வெள்ளிக்கிழமை அவன் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என்னலே, மெலிஞ்சுட்ட?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சுவரிலிருந்து அருணாதேவி, "சின்ன மாமா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க சரியாக் கேக்கல!" என்றாள்.

ஆகவே மகனே, நான் கேட்பது இதுதான். தொழுவத்துக் கேமராவைக் கழற்ற ஆள் அனுப்பு. வாசலையும் வீட்டையும் நீயே வைத்துக்கொள், ஆயுசுக்கும் பார்த்துக்கொள். அதோடு குரூப்பில் நீயே ஒரு சண்டையைக் கிளப்பிவிடு. பரிவட்டத்தைக் கிழித்ததில் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை, இனி அந்தப் பய என் வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக, அப்படின்னு போடு. முன்வாசலை அடைத்துவிட்டால் அவன் தன்னால் பின்வாசலுக்கு வந்துருவான், அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா? டீச்சர் இந்த இடத்தில், "சமாதானத்தைக் கெடுக்கச் சொல்லி என் கையால எழுதச் சொல்றீகளே பெரியவரே, கர்த்தர் பாத்துக்கிட்டிருக்காரு" என்று பேனாவை மூடிவிட்டார்கள். "அவரு பாத்தா யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு டீச்சர்" என்று சொல்லித்தான் மறுபடி திறக்க வைத்திருக்கிறேன்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம். அவள் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. பிரியம் அதிகமாகி என் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். குலசாமி உங்கள் இருவரையும் இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்ல வந்தேன். வேண்டாம், அப்பப்ப எட்டிப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா பெத்தணன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே உள்ளதை நீ மெனக்கெட்டுப் படிக்க வேண்டாம், எல்லாம் உனக்குக் கேட்டுவிட்டதாமே. தபால்தலையை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். வீட்டில் வைத்துச் சொன்னால் நீங்கள் பார்ப்பீர்கள் என்று தொழுவத்தில் உட்கார்ந்து, கேமரா மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் டீச்சரிடம் சொன்னேன். கண்ணை மூடினால் அதுக்குக் காதும் அடைத்துப்போகும் என்று நினைத்துவிட்டேன். படம் இருட்டாகவும் மருமகள் பதறிப்போய், நான் பேசுகிற சத்தத்தைப் பிடித்து உனக்கு அனுப்பப் போக, கை தவறிக் குரூப்புக்குப் போய்விட்டதாம். டீக்கடையில் அத்தனை பேருக்கு நடுவில் ஆண்டிச்சாமிக்கு அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவன் சுவரைக் கும்பிட்டு விழுந்தது, மதினி என்றது, என் வாசலை மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். நேராக நம் தெருவுக்கு வந்து சத்தம் போட்டான். எனக்கு விவரம் தெரியாது. பழையபடி ஆரம்பிச்சுட்டான்டா என்று சந்தோசத்தில் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "போலே, திரி இல்லாத வெடி!" என்று பதில் கொடுத்தேன். அவன் சிரிப்பை அடக்குவான் என்று முகத்தைப் பார்த்தேன். அடக்கவில்லை. "ஊரு சிரிக்கத்தான் என்னைய உள்ள கூப்புட்டியாலே?" என்றான். அது நாங்கள் சேர்ந்து யோசித்த வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு அவன் முன்வாசலுக்கும் வரவில்லை, பின்வாசலுக்கும் வரவில்லை. அதனால் தொழுவத்துக் கேமராவைக் கழற்ற வேண்டாம். ஆள் அனுப்பி, வேலிப்படல் நன்றாகத் தெரிகிற மாதிரி அதைத் திருப்பி வைக்கச் சொல். மத்தியானம் நான் கண் அசருகிற நேரத்தில் அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறானா என்று மருமகள் கொஞ்சம் கவனமாகப் பார்க்கட்டும். ஆளைக் கண்டால் சுவரிலிருந்து மூச்சுக் காட்ட வேண்டாம். எனக்குப் போன் போட்டு எழுப்பிவிட்டால் போதும்.