ரப்பர் மெத்தையில் அலை அடங்கிய படலம்

வாழ்க வீராங்கனை! கண்ணாடிக் கலன்களின் கோமகளும், ஒழுகுவனவற்றின் ஒழுக்கம் காப்பவளும், பிசுபிசுத்த கரங்களால் ஆய்வுக்கூடத்தின் கதவுப்பிடிகள் அனைத்தையும் தன்னாட்சிக்குள் கொணர்ந்தவளும், அதனாலேயே 'பாகு' என்னும் பட்டம் பெற்றவளுமாகிய ஆராய்ச்சி மாணவியின் புகழை, நாவே, தடுமாறாமல் சொல்!

சாய்ந்து நின்றது ஒரு பலகை. அதன்மேல் குழந்தையின் கன்னம்போல் குழையும் ரப்பர் மெத்தை. அம்மெத்தையின்மேல், கிளிசரின் கலந்த நீர் நகத்தின் கனமேயுள்ள படலமாகி, பட்டாடை சரிவதுபோல் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. பகைவன் எவன்? அலை! வெறுங்கண்ணாடிமேல் இதே படலம் ஓடியபோதெல்லாம், எறும்பின் பெருமூச்சளவே பிறந்த சிற்றலை, இறங்க இறங்க மதயானையாய்ப் பெருத்து அதனைக் குலைத்துச் சூறையாடியது. மெத்தென்ற தரை அந்த யானையை அடக்கும் என்று சூளுரைத்திருந்தாள் பாகு. "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்று திருவாய் மலர்ந்திருந்தார் பேராசிரியர். மாலைக்குள் பலகையை அடுத்த குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அவளது ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே வீழும்.

ஆதலின் அவள் போர்க்கோலம் பூண்டாள். மின்விசிறியை நிறுத்தினாள், சாளரங்களைச் சாத்தினாள், விடுப்பெடுத்து வந்திருந்த தன் கணவனை, வங்கிக் காசாளருள் வேங்கையை, பேராசிரியருக்குக் காட்டப் பதிவு வேண்டிக் கேமராவின் பின்னே நிறுத்தி, முரசறைந்தாற்போல் ஆணையிட்டாள்:

"மூச்சு விடுங்க, ஆனா மெதுவா விடுங்க. மேஜையத் தொட்டீங்க, அவ்வளவுதான்!"

பின்னர், போர்முறைப்படி ஒரேயொரு சிற்றலையை எழுப்பிப் பார்க்க ஊசியை ஓங்கினாள். ஊசிமுனை படலத்தைத் தீண்டுமுன், ஐயகோ, மேஜைமேல் அவன் மறந்து வைத்த கைபேசி உறுமி, துள்ளி, பலகையின் காலை முட்டியது. அழைத்தவர் பாகுவின் மாமியார். ஒன்றா இரண்டா, வரிவரியாய் அலைகள் கொடிபிடித்து எழுந்தன. குதிரைப்படைபோல் சரிவில் பாய்ந்தன.

"போச்சு!" என்று அலறினான் வேங்கை.

ஆனால் கோபக்காரர் கத்துவதையெல்லாம் 'உம்' கொட்டிக் கேட்டே தணித்துவிடும் மூத்த அண்ணியைப்போல, அந்த ரப்பர் மெத்தை ஒவ்வோர் அலையின் கீழும் லேசாக நெளிந்து கொடுத்தது. நெளிந்து கொடுத்தே அதன் வீரத்தை உறிஞ்சியது. பாதிச் சரிவில் படை தளர்ந்தது. முக்கால் சரிவில் கொடிகள் சாய்ந்தன. அடிவாரம் சேர்ந்தது அலையற்ற, மாசற்ற, முகம்பார்க்கும் படலம் மட்டுமே! ஊசியால் அவள் எழுப்பத் துணியாத பெரும்படை கண்முன்னே மடிந்தது கண்டு, பாகுவின் விழிகள் பனித்தன.

"அடங்கிடுச்சு! பாத்தீங்கல்ல? அத்தனையும் அடங்கிடுச்சு! பதிவாயிருக்குல்ல?"

வேங்கை தலைகுனிந்தது.

"இல்லம்மா... கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

இமயம் உருண்டாலும் உருளாத அவ்விருவரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கினர். பின் கைபேசியை நோக்கினர்.

அவன் அம்மாவுக்கு போன் போட்டு, வைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னான்.