அறுபத்தொரு வாளிகள்

எண்பத்து மூன்றாவது பெட்டியிலும் வாளிதான் இருந்தது.

மரவாளி. அலுவலகக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குறைதீர்ப்பாளர் போன் விளையாட்டில் காசு கட்டித் திறந்த பெட்டிக்குள் தெரிந்த அந்த வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதோடு அறுபத்தொரு வாளிகள். மிச்சம் இருபத்திரண்டு பெட்டிகளில் கயிறு வந்திருந்தது. ஒரு கிணறு இருந்திருந்தால் ஊருக்கே தண்ணீர் இறைத்திருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்ததோ ஒரு வெள்ளைப் புலி.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, சனிக்கிழமை பத்து மணிக்குப் பல்லு டாக்டர். ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"மூணு வாரமா ஒத்தைப் பக்கமாவே மென்னு மென்னு தாடையே கோணிக்கிச்சு. பணம் பத்திரமா இருக்கா?"

"அது எங்க போகப் போகுது?"

எங்கே போயிருந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாவம், அவள் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த விளையாட்டை நடத்துகிற நிறுவனத்தில்தான் அவருக்குச் சம்பளம். குறை தீர்க்கும் பிரிவு. பெட்டி வாங்கிப் பணத்தைத் தொலைத்தவர்கள் தினமும் தொண்ணூறு பேர் எழுதுவார்கள். அவர்களுக்கு அனுப்ப மூன்று பதில்கள் தயாராக இருந்தன. முதல் பதில், வருந்துகிறோம். இரண்டாவது, "பெட்டியில் இருப்பது சூதாட்டம் அல்ல, ஆச்சரியம்." மூன்றாவது, வணக்கம். அந்த இரண்டாவது பதிலை எழுதியதே இவர்தான். அதற்காக ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

அழுகிறவர்களுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், எதற்கு அழுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் முதல் பெட்டியைத் திறந்தார். இரண்டாவது பெட்டிக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை.

ஊழியர்கள் விளையாடக் கூடாது என்பது சட்டம். "நம்ம ஆளுங்க யாராவது ஒரே ஒரு பெட்டியைத் தொட்டான்னு தெரிஞ்சாலும் அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவேன்" என்று மேலாளர் மாதம் ஒரு முறையாவது சொல்வார். சொல்லும்போது மேஜையைத் தட்டுவார்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. பத்து வயதுக்குட்பட்ட குழந்தை தெரியாமல் அழுத்தியிருக்க வேண்டும். அதையும் மேலாளரே வீடியோவில் குழந்தையோடு தனியாகப் பேசி முடிவு செய்வார். பதினொரு கேள்விகள் கேட்பார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் குழந்தைகளின் மனசு தனக்கு அத்துப்படி என்பார்.

நிஜமாகவே தெரியாமல் அழுத்திய குழந்தைகள் இதில் தேறுவதில்லை. போன வாரம் ஒரு அம்மாவின் வீட்டு வாடகை மொத்தமும் போயிருந்தது. அவள் பையன் மேலாளரின் குரலைக் கேட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"சொல்லிக் குடுத்து உட்கார வெச்சிருக்காங்க. பாடம் மறந்துபோச்சு" என்றார் மேலாளர்.

குறைதீர்ப்பாளர் அந்த அம்மாவுக்கு மூன்றாவது பதிலை அனுப்பினார். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மனசே சரியில்லையென்று சாயங்காலம் நாலு பெட்டி திறந்தார்.

இப்போது வேறு வழியில்லை. நிறுவனத்துக்கு யாருடைய பெயரும் தெரியாது, விளையாட்டுப் பெயர்தான் தெரியும் என்பது ஒரு சௌகரியம். கழிப்பறையில் உட்கார்ந்தபடியே புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினார். "என் ஏழு வயது மகள் தெரியாமல் அழுத்திவிட்டாள். தயவுசெய்து கருணை காட்டவும்" என்று ஒரு கடிதம் எழுதி, தனக்கே அனுப்பிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினார். அவருடைய ஒரே மகளுக்கு இருபத்தொரு வயது.

கடிதம் மறுநாள் காலையில்தான் அவர் திரைக்கு வந்தது. அன்றைக்கென்று நூற்றிருபது புகார்கள். விரல் தன்பாட்டுக்கு இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டே போனது. பதினொரு மணிக்குப் புது முகவரியைத் திறந்து பார்த்தார். "பெட்டியில் இருப்பது சூதாட்டம் அல்ல, ஆச்சரியம்" என்று பதில் வந்திருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

"அடப்பாவி!" என்றார் குறைதீர்ப்பாளர், தன்னைத்தானே.

ஒரு தடவை மறுத்த புகாரை அவரே மறுபடி எடுக்க முடியாது. மேல்முறையீடு என்று அழுத்த வேண்டும். அழுத்தினார். அடுத்த நிமிடமே பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேலாளர் குழந்தையோடு பேசுவார், குழந்தையின் போன் எண்ணைத் தெரிவிக்கவும்.

வியாழக்கிழமை பல் மருத்துவமனைக்கு ஓடினார். டோக்கன் கொடுக்கிற அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சனிக்கிழமை பார்க்கிறதை அடுத்த மாசம் தள்ளி வெச்சா என்னம்மா?" என்றார்.

"வலி உங்களுக்கா, அவங்களுக்கா? இருங்க, அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று அவள் போனை எடுத்தாள்.

"ஐயோ வேணாம்மா! சனிக்கிழமையே இருக்கட்டும்."

"அப்ப முழுப் பணத்தையும் கொண்டு வந்துடுங்க. பல்லு செஞ்சு தயாரா இருக்கு. கடன் சொன்னா டாக்டர் ஒத்துக்க மாட்டார்."

அவள் உள்ளே போனாள். குறைதீர்ப்பாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கை தானாகவே போனைத் திறந்தது. பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாவின் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

"வாளியா?"

"ம்."

"எத்தனை?"

"அறுபத்தொண்ணு."

சிறுமி நோட்டை மூடி வைத்தாள். "எனக்கு ஏழு வயசா, எட்டு வயசா?"

"என்னம்மா கேக்கறே?"

"போன்ல கேப்பாங்கல்ல, வயசு. கடிதாசில என்ன போட்டீங்க?"

குறைதீர்ப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏழு" என்றார்.

"நாலு மணிக்கா? நாலு மணிக்கு அம்மா டாக்டருக்கு உதவி பண்ண உள்ள போவாங்க. போன் என்கிட்டதான் இருக்கும். நம்பர் அந்தச் சுவத்துல இருக்கு, எழுதிக்கோங்க. அழணுமா, சும்மா பேசினா போதுமா?"

"அழுதா... நல்லாத்தான் இருக்கும்."

"கலர் பென்சில் ஒரு டப்பா. இருபத்திநாலு கலர். அழறதுக்கு ஒரு ரப்பர் சேத்துக் குடுக்கணும். டப்பாவை நான் திறந்து எண்ணிப் பாத்த பிறகுதான் பேசுவேன்."

"நான் ஏமாத்திடுவேன்னா நினைக்கறே?"

"உங்களைச் சொல்லல. ஒருத்தர் ஏமாத்திட்டார்."

ஏழு வயதுக் குழந்தையைப் பொய் சொல்ல வைக்கிறோமே என்று அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கடைக்குப் போய் டப்பாவோடு திரும்பி வரும்வரை குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது. சிறுமி மடியில் கொட்டி எண்ணினாள். இருபத்திநாலும் இருந்தன. இந்த வருஷத்தில் அவர் வாங்கிய பெட்டிகளிலேயே, சொன்னது சொன்னபடி உள்ளே இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"வந்து பக்கத்துல உட்காருங்க. இன்னிக்கு நீங்கதான் குறிப்பெடுக்கணும்."

"நானா சார்?"

"போன மாசம் நான் ஒரு நாள் லீவு போட்டேன். தலைமை அலுவலகத்து அம்மா என் இடத்துல உட்கார்ந்து எவனுக்கோ பணத்தைத் தூக்கிக் குடுத்துட்டாங்க. இனிமே எல்லாத்துக்கும் சாட்சி வேணும். என்கிட்ட பொய் செல்லாது."

வழக்கம்போல மேலாளர் தன் பக்கத்துக் கேமராவை அணைத்து வைத்தார். முகத்தைப் பார்த்தால் குழந்தைகள் பயப்படுகின்றனவாம். குரலுக்குப் பயப்படுவதைப் பற்றி யாரும் அவரிடம் சொன்னதில்லை. மணி நான்கு. திரையில் சிறுமி வந்தாள். இரட்டைச் சடை, மடியில் ஒரு பொம்மை. பொம்மை ஒப்பந்தத்திலேயே இல்லை. குறைதீர்ப்பாளருக்கு அவள் மேல் மரியாதை வந்தது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நெற்றியில் வியர்வை.

"உடம்பு சரியில்லையா சார்?"

"தொண்டை" என்றார் மேலாளர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். பிறகு அதே குரலில் திரையைப் பார்த்து, "வயசு என்னம்மா?" என்றார்.

"ஏழு."

"நீதான் அழுத்தினியா?"

"ஆமா. பெட்டி மினுமினுன்னு இருந்துச்சு. அழுத்தினா அப்பா சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். அம்மாவோட பல்லுக்கு வெச்சிருந்த பணமாம். எனக்குத் தெரியாது. இப்ப அம்மாவால சாப்பிடவே முடியல." சொல்லி முடித்துவிட்டு அழுதாள். சரியாக ஒரு ரப்பருக்கு எவ்வளவு அழ வேண்டுமோ அவ்வளவு.

பல் விஷயத்தை அவர் சொல்லவே இல்லை. மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துத் தானாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். குறைதீர்ப்பாளருக்கு ஊறவைத்த பிஸ்கட் கண்ணில் தெரிந்தது. இந்தப் பணம் மட்டும் திரும்பி வரட்டும், சத்தியமாக இனி ஒரு பெட்டியையும் தொட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாடகை அம்மாவின் கடிதத்தையும் மறுபடி எடுத்து மேலாளர் மேஜையில் வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்பது கேள்விகள் பாக்கி. மேலாளரோ பேனாவைத் திறந்துவிட்டார்.

"போதும் போதும். குழந்தை பொய் சொல்லாது. பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்."

"சார், மிச்சக் கேள்வி?"

"நான்தான் போதும்னு சொல்றேனே!"

கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது. இனி ஒரு மணி நேரத்தில் பணம் வந்துவிடும். குறைதீர்ப்பாளர் மூன்று நாளில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டார்.

மேலாளர் அழைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினார். அவசரத்தில் விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது. கேமரா விழித்துக்கொண்டது. திரையின் மூலையில் மேலாளரின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

"அங்கிள், போன மாசம் நீங்கதானே எனக்கு அப்பா? இருபத்திநாலு கலர்னு சொல்லிட்டு டப்பாவுக்குள்ள பன்னெண்டுதானே வெச்சிருந்தீங்க!"