சுவருக்குள் போன பை

ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே பயந்து, அந்தப் பயத்தாலேயே அதை வீட்டுக்குள் கூட்டி வருகிறவன் நான். மனைவி இதைச் சொன்னபோதெல்லாம் மறுத்திருக்கிறேன். எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையும் ஒரு ஹோலும் உள்ள பிளாட்டில் மனைவி, பல்கலைக்கழகம் புக ஏ.எல். சோதனைக்குப் படிக்கும் மகள், நான் மூவரும் இருந்தோம். மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு விசாவுக்காக "இரண்டு கிழமைக்கு" (அதாவது பதினாலு நாளுக்கு) வந்தார்கள். மூன்றாவது மாதம் மகள் குளியலறையைப் பூட்டிக்கொண்டு இரசாயனவியல் படிக்கத் தொடங்கினாள். ("அங்க மட்டும்தான் மாமான்ர குறட்டை கேக்காது.") ஹோலை மறித்து இன்னோர் அறை அடிப்பதென்று முடிவாயிற்று.

கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தோனி பாஸ் வந்தார். (கொழும்பில் தச்சர், மேசன் எல்லாரும் பாஸ்தான்.) கல் வேண்டாம், மரச்சட்டம் அடித்து இரண்டு பக்கமும் பிளைவூட் அறைந்தால் ஒரே நாளில் முடியும் என்றார்.

அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். எல்லாருடைய அடையாள அட்டைகளும் பொலிஸில் பதிந்த படிவங்களும் அதற்குள் இருக்கும். (கொழும்பில் தங்கும் தமிழர் எல்லாரும் பொலிஸில் பதிய வேண்டும்.) மச்சானைப் பதிய மூன்று தரம் அலைந்திருந்தேன். அந்தப் படிவம் இல்லாமல் பிடிபட்டால் அவரை ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். வேலை நடக்கும் சந்தடியில் பை தொலைந்துவிடக் கூடாதே என்று, என் கண் முன்னாலேயே இருக்கும்படி, புதுச் சட்டத்தின் ஆணி ஒன்றில் நானே கொழுவினேன்.

பிறகு எனக்கு வேறொரு பயம் வந்தது. சுத்தியல் சத்தம் கேட்டுச் சந்தியில் நிற்கும் ஆமிக்காரர் வந்துவிட்டால்? பின்னேரம் முழுக்க ஜன்னலால் தெருவையே பார்த்தேன்.

"ஐயா, மத்தப் பக்கமும் மூடப்போறன். உள்ளுக்கு ஒண்டும் இல்லதானே?" என்றார் பாஸ்.

"ஒண்டுமில்லை, கெதியா அடியும்!"

பலகையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தவனும் நானே. தலை மட்டும் தெருப் பக்கம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும் நேரம் கதவு தட்டப்பட்டது. ஒரு பொலிஸ் சார்ஜன்ட், பின்னால் இரண்டு ஆமிக்காரர். என் கை கதவுக்குப் பின்னால் போனது. வெறும் ஆணி.

அலுமாரியைத் திறந்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். (ஏனென்று கேட்காதீர்கள்.) மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நேற்று மரச்சட்டத்தில கொழுவினீங்கள்."

எல்லாரும் சுவரைப் பார்த்தோம். சார்ஜன்டும் பார்த்தார். உண்மையைச் சொல்வதே நல்லதென்று என் சிங்களம் முழுவதையும் திரட்டினேன்.

"மாத்தையா, ஒக்கோம பித்திய எத்துளே." (ஐயா, எல்லாம் சுவருக்குள்ளே.)

யுத்த காலத்தில் ஒரு தமிழன் பொலிஸிடம் சொல்லக்கூடாத வசனங்களுக்குப் போட்டி வைத்தால் முதற்பரிசு எனக்குத்தான். சார்ஜன்ட் சுவரில் தட்டினார். டொக், டொக். உள்ளே வெற்றிடம். ஆமிக்காரரின் துவக்குகள் தோளிலிருந்து கைக்கு வந்தன. மச்சானின் முகம் இடியப்பம்போல் வெளுத்தது.

உடைக்கும்படி எனக்குக் கட்டளை. மற்றவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டுச் சார்ஜன்டும் பல்கனிக்குப் போனார். "ஹெமின், ஹெமின்" (மெதுவாக, மெதுவாக) என்று அங்கிருந்தே குரல் வந்தது. வெடித்தால் நான் மட்டும் போக வேண்டுமென்ற ஏற்பாடு.

முதல் ஓட்டையில் மரத்தூள். இரண்டாவது ஓட்டையில் பாஸின் பென்சில்.

"வலப்பக்கமப்பா! ஒரு நாளாவது நான் சொல்லுறதைக் கேளுங்கோ!" என்று வாசலிலிருந்து மனைவி கத்தினாள்.

மூன்றாவதில் பை.

சார்ஜன்ட் பையை மேசையில் கொட்டினார். அட்டைகள், படிவங்கள், அவற்றோடு ஒரு பல் தூரிகை, சவர்க்காரம், ஒரு பக்கற் மாரி பிஸ்கட். இவை எதற்கு என்று கேட்டார். பொய் சொல்லவும் சிங்களம் போதவில்லை. "நீங்கள் பிடித்துக்கொண்டு போனால் அங்கே பல் விளக்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மச்சானின் படிவத்தை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் வாசித்தார். அந்த நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. கடைசியில் அதை மடித்து மச்சானின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஓட்டைகளை அடைக்க எனக்குத் துணிவு வரவில்லை. மச்சானின் குறட்டை மூன்று வழியாக வந்தது. மகள் குளியலறையிலேயே படித்துப் பாஸானாள்.

போன மாதம் அவள் மேற்படிப்புக்கு வெளிநாடு போனாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில், உள்ளே போகும் வாசலில், நான்காவது தடவையாகக் கேட்டேன்: "பாஸ்போர்ட் எங்க பிள்ளை?"

"சுவருக்குள்ள அப்பா!"

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் பையைத் திறந்து காட்டும்வரை அவளை உள்ளே போக விடவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பக்கற் மாரி பிஸ்கட் இருந்தது. அதை நான் வைக்கவில்லை.