என் பெயர் வராத சோதனை

எனக்கு ரகசியம் பேச வராது. ஆலங்குடாக் கரையில் கூவிக்கூவி மீன் விற்ற தொண்டை. காதுக்குள் குசுகுசுத்தால்கூட ரோட்டால் போகிறவர் நின்று விலை கேட்பார்.

இந்தத் தொண்டையோடுதான் மனைவி நபீஸாவைப் புத்தளத்துக்கு டொக்டரிடம் கூட்டிப் போனேன். கறியைக் கருகவிட்டு, யார் வீட்டில் கருகுது என்று மதிலால் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். மறதி நோயோ என்று பயந்தேன்.

டொக்டர் சின்னப் பெண். பழையதைக் கேட்கவில்லை, புதிதாக ஒன்றைப் படிக்க முடிகிறதா என்றுதான் பார்த்தார். கொஞ்சம் முகங்கள், அவற்றுக்குப் பெயர்கள். கிழமைக்குக் கிழமை அதையே காட்டுவார். சுகமான ஆள் என்றால் வரவரக் கூடுதலான பெயர்களைச் சொல்ல வேண்டுமாம்.

நபீஸா கூடுதலாகத்தான் சொன்னாள். (அல்ஹம்துலில்லாஹ், என்னைவிட நல்லம்.) மீசைக்காரன் படம் வந்தால் மட்டும் முக்காட்டை இழுத்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஒவ்வொரு கிழமையும் இதே கதை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து மெதுவாக (என் கணக்கில் மெதுவாக), "ரவூப்!" என்று அந்தப் படத்தின் பெயரை எடுத்துக் கொடுத்தேன்.

"ஓம், இஞ்ச நிக்கிறன்!" என்று வெளியே மருந்துக்கு நின்ற யாரோ ஒரு ரவூப் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கிள், சோதனை உங்களுக்கா, அவங்களுக்கா?"

நபீஸா என்னைப் பார்த்துச் சீறினாள். "எனக்குத் தெரியாதா? அது உங்கட பேரு! கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து வாயால சொல்லாத பேர, இந்தப் புள்ளைக்கு முன்னுக்கு எப்பிடிச் சொல்ற?"

"அப்ப என்னெண்டு கூப்பிடுவீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"புள்ளட வாப்பா."

பிள்ளையின் தகப்பன் என்ற அந்தப் பதிலுக்கு டொக்டர் சிரித்துச் சிரித்தே சரி போட்டார். மானம் கப்பலேறினாலும், வீடு வரும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு வந்த மாதங்களில் மற்ற முகங்களின் பெயர்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக மறந்துபோயின. "புதுசு ஒண்டும் ஏறுதில்ல, அங்கிள்," என்றார் டொக்டர்.

பேரப்பிள்ளைகள் முதல் அந்த டொக்டர் வரை எல்லாருக்கும் இன்றைக்கும் நான் "புள்ளட வாப்பா"தான். நபீஸாவுக்கு மட்டும் இல்லை. அவளுக்கு அந்தக் கூச்சமும் மறந்துவிட்டது. பின்னேரமானால் வாசலுக்கு வந்து என்னிடமே கேட்கிறாள்:

"ரவூப் இன்னம் கரையால வரல்லியா?"

அவள் வாயால் ஒருதரமாவது கேட்க வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட பெயர். இப்போது தினமும் சொல்கிறாள். எனக்கோ, ஒரே ஒருதரம் "புள்ளட வாப்பா" என்று கூப்பிடமாட்டாளா என்று மனம் கிடந்து தவிக்கிறது.

"இப்ப வந்துருவாரு," என்று அவள் காதுக்குள் சொல்கிறேன். ரோட்டால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.