கொதிக்காத தண்ணீர் குறித்து மூலனூர் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய மூலனூர் சம்பந்தி கிட்டுசாமி அவர்களுக்கு, அனுப்பர்பாளையம் சுப்பாத்தாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே வெயிலைத் தவிர எல்லாம் சுகம். தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் போதும்.

போனிலேயே சொல்லியிருப்பேன். நான் குரலை உயர்த்தினாலே உங்களுக்கு "டவர் கெடைக்கலீங்க" என்று ஆகிவிடுகிறது. கடிதத்துக்கு டவர் தேவையில்லை.

உங்கள் மகன் கதிர்வேல் அமெரிக்காவில் என் பேத்தி அனுப்பிரியாவையும், பிறந்து மாதம் திரும்பாத பச்சைக் குழந்தையையும் குளிரில் விறைக்க வைத்திருக்கிறான். அந்த வீட்டில் சுவரோரமாகத் தரையை ஒட்டி நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடுகிறது. பாய்லரில் காய்ந்த தண்ணீர் அதற்குள் குழாயில் சுற்றி வந்தால்தான் ரூம் சூடாகும். நூற்றெண்பது டிகிரியில் (அங்கே ஃபாரன்ஹீட் கணக்காம்) ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை இவன் நூற்று நாற்பதுக்கு இறக்கிவிட்டான். வீடியோ காலில் பிடித்துக் கேட்டேன்.

"அப்பாயி, அவ்வளவு சூடு வேண்டீதில்லீங்க. மெதுவான சூட்டுல தண்ணி நிக்காம சுத்திக்கிட்டே இருந்தாப் போதும். பாய்லருக்கும் நல்லது, கேஸும் மிச்சமுங்க" என்கிறான்.

"பாய்லரப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா கண்ணு? நம்ம பனியன் கம்பெனி அயர்ன் செக்‌ஷன்ல இப்படி எறக்கிப் பாரு, அயர்ன் மாஸ்டர் பொட்டிய வெச்சுப்போட்டு டீக்கடைக்குப் போயிருவாரு" என்றேன். சிரிக்கிறான், சம்பந்தி! நான் படித்தது அஞ்சாம் வகுப்புதான். ஆனால் ஸ்டீம் குறைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தத் தகரப் பெட்டிக்கு அடியில் நீளமாகச் சந்து இருப்பதையும், அது வழியாகக் குளிர்காற்று உள்ளே போவதையும் இங்கிருந்தே கண்டுபிடித்தேன். நம் வீட்டில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட் துணிதானே வைத்து அடைக்கிறோம்? ஒரு மூட்டை கட்டிக் கூரியரில் அனுப்பி, "கொஞ்சங்கூட இடைவெளி உடாம அடைச்சுடு சாமி" என்று அனுப்பிரியாவிடம் சொன்னேன். நல்ல பிள்ளை, உங்கள் மகனுக்குத் தெரியாமல் அடைத்துவிட்டாள். குளிர்காற்று போகிற வழியே கிடையாது. அப்படியும் வீடு முன்னைக்கு இப்போது இன்னும் ஜில்லென்று இருக்கிறது என்றால், அவன் தண்ணீரின் லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! குழந்தைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். மூக்கு மட்டும் தெரிகிறது. அது நம் வீட்டு மூக்கா உங்கள் வீட்டு மூக்கா என்று பார்க்கக்கூட முடியவில்லை.

இது கிடைத்ததும் மகனைக் கூப்பிட்டுத் தண்ணீரைக் கொதிக்க விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேத்தியையும் குழந்தையையும் அழைத்துவர டிக்கெட் போட்டுவிடுவேன். அவன் அந்த நூற்று நாற்பதில் தனியாகக் குளித்துக்கொண்டு கிடக்கட்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு. கதிர்வேலுக்கும் ஆசீர்வாதம், திட்டி முடித்த பிறகு சொல்லவும்.

இப்படிக்கு,
சுப்பாத்தாள்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அனுப்பிரியா கூப்பிட்டாள். கதிர்வேல் குனிந்து பார்த்து, அடைத்ததையெல்லாம் பிடுங்கிவிட்டானாம். கீழே குளிர்காற்று நுழைந்தால்தான் மேலே சூடாகி வெளியே வருமாம். அதே நூற்று நாற்பதுதான், தொடவில்லை. இப்போது குழந்தை வெறும் ஜட்டியோடு காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. மூக்கு உங்கள் வீட்டு மூக்குதான், இருக்கட்டும். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேஸ்ட் நல்ல காட்டனுங்க அப்பாயி" என்று மட்டும் சொன்னார். டிக்கெட் போடவில்லை. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், கையெழுத்து எனக்கு இவ்வளவு நன்றாக எப்போதும் வந்ததில்லை. ஆகவே திட்டியதை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கவும்.