உங்கள் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு மாற்றிய விவரம்

மீமிசல்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் எழிலரசன் வணங்கி எழுதுவது. நானும் தங்கள் மகள் பிரகதீஸ்வரியும் சுகம். கந்தர்வக்கோட்டையில் தாங்களும் அத்தையும் முந்திரித் தோப்பும், தங்கள் முழங்கால் நீங்கலாக, சுகம் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பிரகதீஸ்வரி காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வேனில் கொண்டுவந்து இறக்கிய கம்ப்யூட்டரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போன வாரம் பிரகதீஸ்வரி ஜாக்கெட் டிசைன் பார்க்க அதைப் போட்டாள். உள்ளே விசிறி சுற்றியது, திரை மட்டும் இருட்டு. "எங்கப்பா குடுத்ததுன்னா ஒங்களுக்கு எளக்காரம், அதான் போயிருச்சு" என்றாள். நான் அதைத் தொட்டே மாசக்கணக்காகிறது என்றேன். "அதான் சொல்றேன், தொடக்கூட மாட்டீங்க" என்றாள். கண் கலங்கிவிட்டது மாமா, இருவருக்கும்.

கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து அறந்தாங்கிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வசந்த் மூடியைக் கழற்றினார். "மதர்போர்டு போச்சு சார். கடக்காத்து உப்பு அரிச்சிருச்சு. இந்த மாடல் இப்ப வாரதில்ல. இதுக்கு ஒத்துப்போற வேற போர்டு இருக்கு, போட்டுரலாம்" என்றார். போட்டார். போட்டபின்தான் பழைய பிராசசர் அதில் உட்காராது என்று தெரிந்தது. அதை மாற்றியதும் பழைய ராம் பொருந்தவில்லை, அதையும் மாற்றியதும் கரண்ட் கொடுக்கும் பெட்டியின் ஒயர் சேரவில்லை, அதையும் மாற்றியதும் எல்லாம் கூடிக் கம்ப்யூட்டரின் பழைய தகரக் கூட்டுக்குள் போக மாட்டோம் என்றன. "ஒத்துப்போகும்னு சொன்னீங்களே தம்பி?" என்றேன். "இது ஒத்துப்போகுது சார். மத்ததுதான் இதோட ஒத்துப்போகல" என்றார். அப்போது எனக்கு ஏன் எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது என்று தங்களுக்கு எழுத மாட்டேன்.

ஆனால் பழைய கூட்டை எப்படி விடுவது? பித்தளைக் குடத்துக்கு வெட்டுவதுபோல, அதன் பக்கத் தகரத்தில்தானே 'உடையப்பன் – அழகம்மாள் அன்பளிப்பு' என்று பேர் வெட்டியிருக்கிறீர்கள்! அந்தத் தகரத்தை மட்டும் கழற்றிப் புதுப் பெட்டியில் முடுக்கச் சொன்னேன். பெட்டி சின்னது. தகரம் யானைக் காது மாதிரி வெளியே நிற்கிறது. துணி போட்டு மூடிவிட்டேன்.

வீட்டில் பிரகதீஸ்வரி பட்டனை அமுக்கினாள். அமுக்கிய கையை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். "இது எங்கப்பா கம்ப்யூட்டர் இல்ல! அது தொறக்கிறதுக்குள்ள நான் சோறு வடிச்சிருவேனே!" என்று துணியை உருவினாள். அன்றிலிருந்து பேச்சில்லை. குழம்பை மட்டும் டம்மென்று வைக்கிறாள். மாமா, நீங்கள் பொங்கலுக்கு வரும்போது அந்தத் தகரத்தைத் தடவி, "நான் குடுத்ததேதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் குடும்பம் பிழைக்கும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
எழிலரசன்.

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டியபின் நீங்களே போன் செய்துவிட்டீர்கள். ஸ்டாம்பு வீணாகக் கூடாதென்றே இதை அனுப்புகிறேன், மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். "பொங்கலுக்கு லேப்டாப் வாங்கியிருக்கேன் மாப்ள. அந்தப் பழைய டப்பாவ இன்னமுமா வச்சிருக்கீங்க?" என்று நீங்கள் கேட்டபோது, பக்கத்தில் வந்து சத்தமாகப் பேசியது உங்கள் மகள்தான்: "நல்லாக் கேளுங்கப்பா! நானும் அன்னையிலருந்து தூக்கிப் போடுங்கன்னுதான் சொல்றேன், இவுக விட மாட்டேங்குறாக!"