திரும்பிப் பார்க்காத வெராக்ரூஸ்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது: மீன் சந்தைப் பெண்கள் என்னைத் "தோழர்" என்பதை விட்டுத் "தாத்தா" என்றார்கள். இரண்டாவது: பேருந்தில் ஒரு கர்ப்பிணி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். மூன்றாவது, மன்னிக்கவே முடியாதது: துறைமுக மறியலில் எல்லோரையும் கைது செய்த போலீஸ்காரன் என்னிடம் மட்டும், "ஐயா, வெயில்ல நிக்காதீங்க, நிழல்ல போய் உக்காருங்க" என்றான்.

ஒருகாலத்தில் இந்த வெராக்ரூஸ் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவனாக நான் பீப்பாய் மேல் ஏறிப் பேசினால் மாடிக்கு மாடி பெண்கள். பாதிப் பேர் வந்தது கூலி உயர்வுக்காக அல்ல. அந்தப் பார்வைகள் எப்போது, எங்கே போயின? ஆராய வேண்டிய விஷயம். மனைவி காசில்தாவிடம் கேட்டேன்.

"ஏண்டி, ஊரு உன்னைப் பார்க்கிறத எப்ப நிறுத்திச்சு?"

"நாப்பத்தஞ்சு வயசுல."

"வலிச்சுதா?"

"கொஞ்ச நாள் அழுகையா வந்துச்சு. அப்புறம் சுகமாயிடுச்சு. யாரும் பார்க்கலேன்னா ஐஸ்கிரீமை வழிய வழியத் திங்கலாம். ஆனா கிழவா, அதுக்கு முன்னாடி மட்டும் என்ன? நான் 'தலைவர் பொண்டாட்டி'. பேரைச் சொல்லி ஒருத்தன் கூப்பிட்டதில்ல."

"அது கௌரவம்டி!"

"அப்ப நீயே வச்சுக்கோ."

அவள் பிரச்சினையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன்.

சனிக்கிழமை மாலை சதுக்கத்தில் டான்சோன் நடனம். ஒவ்வொரு பாட்டையும் வாத்தியக் குழுத் தலைவர் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிக் காணிக்கையாக்குவார். ஊரே அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கும். குழுத் தலைவர் ஒப்துலியோவின் பையில் ஒரு சுருட்டைத் திணித்தேன். "ஹெனாரோ மொங்கோவுக்கு, பெயர் சொல்ல விரும்பாத ரசிகை ஒருத்தியின் காணிக்கை" என்று என் பெயரை அறிவிக்க ஏற்பாடு. ரகசியம் காப்பதாகச் சத்தியமும் வாங்கினேன். மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசினேன்.

"எதுக்கு இந்த மீசை?"

"போராட்டத்துக்கு."

"தலையணையில ஒட்டாம பாத்துக்கோ, உன் போராட்டம்."

சனிக்கிழமை. ஒப்துலியோ எழுந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அந்த மடிப்பை எங்கோ பார்த்திருக்கிறேனே? என் சட்டையில்தான்! குழு முழுவதற்கும் துணி தேய்த்துக் கொடுப்பவள் காசில்தா. வீட்டில் இத்தனை வருடம் ஆவி பறந்தும் நான் கவனித்ததில்லை.

பக்கத்தில் காசில்தா விசிறியை விரித்தாள்.

"என்னடி செஞ்ச?"

"சட்டை வாங்க வந்தப்பவே உன் சுருட்டுக் கதைய சொல்லிட்டாரு. பேசாம கேளு."

ஒப்துலியோ எங்கள் பக்கம் கை நீட்டினார்; சதுக்கமே திரும்பியது.

"குடும்பத்தாரே! இந்த டான்சோன், திருமதி காசில்தா உஸ்கங்காவுக்கும், கூட வந்திருக்கிற நண்பருக்கும்!"